சைடு வீல் வண்டி: கொடுப்பதற்கு முன் நாம் அறிய வேண்டியவை

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வண்டியைப் பற்றியது. சாதாரண இரு சக்கர ஸ்கூட்டரில் பின்பக்கம் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தி, கால் இயலாதவர்கள் விழாமல் ஓட்டும்படி செய்கிறார்களே, அந்த வண்டி. பட்டறைகளில் இதை 'சைடு வீல் வண்டி' என்பார்கள். அரசாங்கக் காகிதங்களில் 'இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்' என்று எழுதுவார்கள்.

இதைப் பேச வேண்டிய காரணம் நம் அலுவலக மேசையில் இருக்கிறது. இந்த வண்டி கேட்டு மூன்று விண்ணப்பங்கள் வந்துள்ளன. ஒன்று, சர்க்கரை நோயால் ஒரு கால் எடுக்கப்பட்ட பழ வியாபாரி. இரண்டாவது, விபத்தில் முதுகெலும்பு அடிபட்டுக் கால்கள் பலமிழந்த கல்லூரி மாணவர். மூன்றாவது, சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஒரு சகோதரி. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். மூவருமே நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள்.

இருக்கும் நிதியில் மூவருக்கும் எப்படிச் செய்வது என்ற பேச்சு வந்தபோது, நம்மில் சிலர் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள். "பழைய ஸ்கூட்டர் மூன்று வாங்கலாம். தெரிந்த வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் இரும்புக் குழாயை வளைத்துச் சக்கரம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பாதிச் செலவில் மூன்று பேருக்கும் முடிந்துவிடும்" என்றார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த வழியில் போகக் கூடாது என்பது நம் கருத்து. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்லவே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

வெளியே வருவது யாருடைய உரிமை?

முதலில், இந்த வண்டி ஒருவருக்கு எதைக் கொடுக்கிறது என்று பார்ப்போம்.

கால் இயலாத ஒருவர் கைச்சைக்கிளில் போகிறார் என்றால், கால் செய்ய வேண்டிய வேலையையெல்லாம் தோள் செய்கிறது. ஊன்றுகோலும் அப்படித்தான். இருபது, முப்பது ஆண்டுகள் இப்படியே போனால் தோள் மூட்டும் மணிக்கட்டும் தேய்ந்துவிடுகின்றன. காலை இழந்தவர் கடைசியில் கையையும் இழக்கும் நிலைக்கு வருகிறார். ஆட்டோவில் போகலாமே என்றால், தினம் போக வர ஆட்டோவுக்குக் கொடுத்தபின் சம்பாத்தியத்தில் என்ன மிஞ்சும்? யாராவது வண்டியில் ஏற்றிப் போகட்டும் என்றால், அந்த யாரோ ஒருவருக்காக வாழ்நாள் முழுவதும் வாசலில் காத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நம் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. அல்ஹம்துலில்லாஹ், இனி நம் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதும் ஏறுகிறது. அதோடு சர்க்கரையால் கால் இழப்பவர்களும், சாலை விபத்தில் அடிபடுபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆகவே இது ஏதோ நாலு பேருடைய பிரச்சினை அல்ல. எந்த வீட்டுக்கும் எந்த நாளும் வரக்கூடியது.

அந்தத் தையல்காரச் சகோதரியின் வீட்டுக்கு நாம் போயிருந்தபோது அவருடைய வாப்பா, "நாங்க எல்லாரும் இருக்கும்போது அவ எதுக்கு வெளியே போகணும்? துணி வீட்டுக்கே வருது, சாப்பாட்டுக்குக் குறை இல்லையே" என்றார். மகள் மீது உள்ள பாசத்தில்தான் சொன்னார். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் உஹதுப் போரின்போது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அம்ரு இப்னு ஜமூஹ் (ரலி) அவர்கள் கால் ஊனமான நபித்தோழர். அவர்களுடைய மகன்கள், "உங்களுக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான், நீங்கள் வீட்டில் இருங்கள், நாங்கள் போகிறோம்" என்று தடுத்தார்கள். அவர்களும் பாசத்தில்தான் தடுத்தார்கள். அம்ரு (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார்கள். அவர்மீது கடமையில்லை என்பதை நபி (ஸல்) அவர்கள் அவருக்குத் தெரிவித்தார்கள். ஆனாலும் அவரைத் தடுக்க வேண்டாம் என்று மகன்களிடம் சொன்னார்கள். அவர் போனார், அந்தக் களத்திலேயே ஷஹீதானார். சலுகை இருக்கிறது என்பது வேறு. சலுகையைக் காட்டி ஒருவருடைய விருப்பத்தை அடைப்பது வேறு.

அதுபோல, பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளியின் முஅத்தின்களில் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துச் சென்றதும் உண்டு. அன்றைய சமுதாயம் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போடவில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்தது. நம் மஹல்லாவில் கால் இயலாதவர்களுக்கு நாம் எதைக் கையில் கொடுக்கிறோம் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டி எப்படி மாறுகிறது?

இனி வண்டியின் சங்கதிக்கு வருவோம். இதைத் தெரிந்துகொண்டால்தான் மலிவான வழி ஏன் ஆபத்து என்பது புரியும்.

முதல் கேள்வி, ஏன் ஸ்கூட்டர்? கியர் வைத்த மோட்டார் சைக்கிளில் இடது காலால் கியர் மாற்ற வேண்டும், வலது காலால் பின் பிரேக் மிதிக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரிலோ எல்லாமே கையில் இருக்கிறது. கால் வேலையே இல்லை. ஒரே ஒரு வேலைதான் காலுக்கு: வண்டி நிற்கும்போது தரையில் ஊன்றுவது. அந்த வேலையைத்தான் பக்கச் சக்கரங்கள் எடுத்துக்கொள்கின்றன.

மாற்றும் முறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆட்டோவுக்கு இருப்பது போல ஒரு அச்சும் இரண்டு சக்கரங்களும் வைப்பது. இதில் என்ஜின் விசை இரண்டு சக்கரத்துக்கும் போக வேண்டும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும். உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 3 அடி என்று வையுங்கள். ஒரு தெருமுனையில் நேர்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 4.7 அடி கூடுதலாக ஓடியாக வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் கார்களிலும் ஆட்டோக்களிலும் 'டிஃபரென்ஷியல்' என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. அது இல்லாமல் ஒரே இரும்பு அச்சில் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிவிட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுக்கும். வண்டி நேரே போகத்தான் பார்க்கும். திரும்ப அடம் பிடிக்கும்.

இரண்டாவது வகைதான் நம் பக்கத்தில் அதிகம். ஸ்கூட்டரின் பின் சக்கரம் அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் நான்கு சக்கரம். வண்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் நடுச்சக்கரத்தின் வேலை. பக்கச் சக்கரங்கள் சும்மா உருண்டு தாங்கிப் பிடிக்கும். அவை விசை இல்லாமல் தனித்தனியாக உருள்வதால் டிஃபரென்ஷியல் தேவையில்லை. எளிமையான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

பாரம் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு உட்காருகிறது என்பதே அந்த நுணுக்கம். பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் கீழே இறங்கி அமைந்துவிட்டால், பாரம் முழுவதும் அவற்றின்மீது போய், நடுச்சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் நடுச்சக்கரம் அந்தரத்தில் சுழலும், வண்டி நகராது. அதைவிட மோசம், பின் பிரேக் நடுச்சக்கரத்தில்தான் இருக்கிறது. தரையை அழுத்தாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? மழை நாளில் நினைத்துப் பாருங்கள். பக்கச் சக்கரங்கள் மேலே தூக்கி அமைந்துவிட்டாலோ, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஓட்டுபவரும் சாய்ந்தே உட்கார வேண்டும்.

ஆகவே நல்ல கிட்டில் பக்கச் சக்கரங்களுக்குத் தனியாக ஸ்பிரிங்கோ ஷாக் அப்சர்பரோ இருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அது மட்டும் மேலே போய் இறங்கும். மற்ற சக்கரங்கள் தரையை விடாது. வெல்டிங் பட்டறையில் வளைத்துக் கொடுக்கும் குழாயில் இது இருக்காது. வண்டி விறைப்பாக இருக்கும். ஒரு பக்கம் கல் ஏறினால் முழு வண்டியும் சாயும்.

இன்னொன்று, எங்கே பொருத்துகிறார்கள் என்பது. நல்ல கிட், ஸ்கூட்டரின் சேஸிஸில் பல இடங்களில் பிடிப்பு போட்டு, போல்ட்டால் இறுக்கப்படுகிறது. சேஸிஸிலேயே நேராக வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் வெல்டிங் ஓரத்து இரும்பு பலம் குறையும். ஒரே நாளில் ஒடியாது. குலுங்கிக் குலுங்கி, மாதங்கள் கழித்து, வெளியே தெரியாமல் கீறல் விட்டு, ஒருநாள் ஒடியும். அப்போது வண்டியில் இருப்பவர் குதித்துத் தப்பிக்க முடியாதவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓட்டுவதும் மாறுகிறது

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. சைடு வீல் வைத்தபின் அது இரு சக்கர வண்டியைப் போல ஓடாது.

இரு சக்கர வண்டியில் திரும்பும்போது வண்டியும் நாமும் சேர்ந்து உள்பக்கம் சாய்கிறோம். அந்தச் சாய்வுதான் நம்மை விழாமல் காக்கிறது. சைடு வீல் வண்டி சாயாது. கைப்பிடியைத் திருப்பினால்தான் திரும்பும். திரும்பும்போது வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையை அது நிமிர்ந்து நின்றே தாங்க வேண்டும். அந்த விசை வேகத்தோடு சேர்ந்து ஒரே அளவில் கூடுவதில்லை. ஒரு வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தள்ளு, அதே வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. 20-ல் சொகுசாகத் திரும்பிய வண்டி 40-ல் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிவிடும். ஆகவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்த்துக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு வினோதம் உண்டு. முன்பே பல வருடம் பைக் ஓட்டிப் பழகி, பிறகு விபத்தில் காலை இழந்தவருக்குத்தான் இது கூடுதல் சிரமம். அவர் கை பழைய பழக்கத்தில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். வண்டி சாயாமல் நேரே போகும். புதிதாகக் கற்பவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. "அவன் பத்து வருஷம் பைக் ஓட்டினவன், அவனுக்கு எதுக்கு ட்ரெய்னிங்?" என்று யாரும் சொல்லக் கூடாது.

சாலையில் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும், மழைநீர் வடிவதற்காக. இடது ஓரமாகப் போகும் சைடு வீல் வண்டி அந்தச் சரிவில் இடது பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். இரு சக்கர வண்டிக்காரர் பள்ளத்துக்கு ஓரமாக நுழைந்து போய்விடுவார். இதில் மூன்று தடம் ஓடுகிறது, ஒன்று தப்பினால் இன்னொன்று விழும். அகலமும் கூடிவிட்டதால், நம் தெருக்களின் முடுக்குகளில் நுழையுமா என்று முன்பே அளந்து பார்க்க வேண்டும். இன்னும் ஒன்று: வண்டி தானாக நிற்கிறது என்பதால் சரிவில் உருண்டு போகும். நிறுத்தியபின் பிரேக்கைப் பூட்டி வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஊன்றுகோல் வைக்க ஒரு பிடிப்பும் வேண்டும். இறங்கிய இடத்தில் ஊன்றுகோல் இல்லையென்றால் வண்டி இருந்தும் பயன் இல்லை.

பழகுவதற்கு இடம் எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு பெருநாள் தவிர நம் ஈத்கா திடல் ஆண்டு முழுவதும் காலியாகத்தான் கிடக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், இரண்டு வாரம், கூட ஒருவர் நின்று பழக்கினால் போதும். சகோதரிகளுக்கு அவர்கள் வீட்டார் கூட வந்து நிற்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனத்தை இஷ்டம்போல மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளரின் வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம் உடல் குறை உள்ளவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 'இன்வாலிட் கேரேஜ்' என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது உடல் குறைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட வாகனம் என்று பெயர் வைத்தார்கள். சொந்த வண்டியை அப்படி மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். விதிகளில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இதுதான் இன்றைய நிலை.

அனுமதியில்லாமல் மாற்றினால்? அதே திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் யார்? நாம் வண்டி கொடுத்த அந்த ஏழைதான். உதவி என்று சொல்லி ஒரு வழக்கை அவர் தலையில் வைத்தால் அது உதவியாகுமா?

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது. வண்டியை மாற்றியதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாலிசியில் பதியவைக்க வேண்டும். பதியாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால், நஷ்ட ஈடு விஷயத்தில் நிறுவனம் தகராறு செய்ய இடம் கிடைக்கும். அடிபட்டவர் குடும்பமும் பாதிக்கப்படும். ஓட்டியவர் குடும்பமும் கடனாளியாகும். பாலிசி எடுக்கும்போதே, மாற்றுத்திறனாளி வாகனத்துக்குத் தள்ளுபடி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லைசென்சும் தனி. சாதாரண ஸ்கூட்டர் லைசென்ஸ் வைத்திருப்பதால் இதை ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. உடல் குறைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட வாகனம் என்பது லைசென்சில் ஒரு தனி வகை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்து, தன் சொந்த வண்டியிலேயே ஓட்டிக் காட்டிப் பெற வேண்டும். ஹெல்மெட் இவர்களுக்கும் கட்டாயம்தான்.

கிட் வாங்கும்போது, அந்தக் கிட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்கிறதா, நம் வண்டியின் மாடலுக்குத்தான் அந்தச் சான்றா என்று கேட்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகள் வாகனங்களையும் பாகங்களையும் சோதித்துச் சான்று தருகின்றன. சான்றின் நகல், கிட் வாங்கிய பில், பொருத்தியவரின் கடிதம் இவை மூன்றும் கையில் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைச்சல் குறையும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வாகனத்துக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. அதற்கு வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாளச் சான்று இருக்க வேண்டும்.

அரசுத் திட்டம் முதலில்

இதையெல்லாம் நம் காசிலேயே செய்ய வேண்டுமா என்றால், தேவையில்லை. தமிழ்நாடு அரசு கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகவே வழங்குகிறது. படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள், சுயதொழில் செய்பவர்களுக்கு இந்தத் திட்டம் உண்டு. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வயது, பாதிப்பின் அளவு போன்ற நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், அங்கேயே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் மக்களில் பலருக்கு அதற்கான முதல் காகிதமே கையில் இல்லை. தேசிய அடையாள அட்டையும், யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லாமல் எந்தத் திட்டமும் நகராது. "ஊனம் என்று அட்டை எடுத்தால் தங்கச்சிக்கு வரன் வராது" என்று எடுக்காமல் விட்ட குடும்பங்களும் நம்மிடையே உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை அங்கீகரிக்கிறது. அட்டை எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அது உரிமைக்கான சாவி.

ஆகவே நம் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். தகுதி உள்ளவருக்கு அரசு வண்டிக்கு விண்ணப்பம் போட நாம் துணை நிற்போம். ஆள் அனுப்புவோம், கூடப் போவோம், காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் போக்குவரத்துச் செலவுக்கு உதவுவோம். திட்டத்தின் வரம்புக்குள் வராதவருக்கு அறக்கட்டளை நிதியில் வண்டி வாங்குவோம். அப்போது ஒப்புதல் பெற்ற கிட், பதிவு, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட், பயிற்சி எல்லாம் சேர்த்துத்தான் ஒரு வண்டி என்று கணக்கு வைப்போம்.

ஜகாத் நிதியைப் பற்றிய கேள்வி

ஜகாத் பணத்தில் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பெறுபவர் ஏழையா, தேவையுடையவரா என்பதே முதல் கேள்வி. உடல் குறை மட்டும் ஒருவரை ஜகாத்துக்கு உரியவராக்காது. வசதியுள்ளவர் வீட்டிலும் குறை இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஸதகா, நன்கொடை நிதியிலிருந்து செய்யலாம். ஏழைக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கும்போது பொருளை அவருக்கே சொந்தமாக்கிவிட வேண்டும் என்பதை ஹனஃபி மத்ஹபின் உலமாக்கள் வலியுறுத்துகிறார்கள். இதைத் தம்லீக் என்பார்கள். அறக்கட்டளை பெயரில் வண்டியை வைத்துக்கொண்டு, "ஓட்டிக்கொள், வேண்டும்போது திருப்பிக் கொடு" என்பது அதில் வராது. சட்டப்படியும் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருந்தால்தான் வரி விலக்கும் மற்றதும் கிடைக்கும். மார்க்கமும் சட்டமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நம் ஹஜ்ரத் அவர்களிடம் காட்டி, எந்த நிதி என்று தீர்மானித்துக்கொள்வோம்.

கொடுத்தபின்?

வண்டி கொடுக்கும் நாளில் போட்டோ எடுக்கிறோம், சால்வை போடுகிறோம். ஆறு மாதம் கழித்து அந்த வண்டி ஓடுகிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். போல்ட்டை இறுக்காமல் தவக்குல் என்று சொல்ல முடியாது.

பொருத்திய முதல் வாரமே போல்ட்டுகளை ஒருமுறை மறு இறுக்கம் செய்ய வேண்டும். புதிய பிடிப்பு குலுங்கித் தளரும். அதன்பின் ஒவ்வொரு சர்வீசிலும் பார்க்க வேண்டும். பக்கச் சக்கரங்களின் காற்று இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா, பேரிங் சத்தம் போடுகிறதா, பிடிப்பு இரும்பில் கீறல் இருக்கிறதா, பிரேக் ஒயர் எங்கும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பாரம் கூடுவதால் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் மெக்கானிக் வேலை பார்க்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மஹல்லாவின் எல்லா சைடு வீல் வண்டிகளையும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்தால் அதுவே அவர்களுடைய ஸதகா. பணம்தான் ஸதகா என்று இல்லை.

இன்னொரு கேள்வி: வண்டியில் வந்தவர் எங்கே போவார்? பள்ளிவாசல் வாசலில் மூன்று படி இருந்தால் அவர் வண்டியிலேயே உட்கார்ந்து ஜும்ஆ கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சாய்தளம் கட்டுவதற்கு ஓர் அளவு உண்டு: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஒன்றரை அடி படி என்றால் 18 அடி சாய்தளம். இடம் இல்லையென்று செங்குத்தாகப் பூசிவிட்டால் அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் விழவும் வேண்டும். இடம் குறைவாக இருந்தால் மடக்கிக் கட்டலாம். ஒளூ செய்யும் இடத்தில் கைப்பிடியோடு ஓர் இருக்கை, வாசலருகே இந்த வண்டிகளுக்கு மட்டும் கொஞ்சம் இடம். இவை பெரிய செலவு அல்ல. ஜமாஅத் நிர்வாகிகள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று இந்தச் சபையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

நம் முடிவு

மூன்று விண்ணப்பங்களைப் பற்றி நம் பரிந்துரை இதுதான். மாணவருக்கும் பழ வியாபாரிக்கும் அடையாள அட்டை இருக்கிறது. இருவரையும் உடனே அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் செய்வோம். மாணவருக்கு முதுகெலும்பு பாதிப்பு என்பதால், உட்கார்ந்து உடம்பை நிதானமாக வைத்துக்கொள்ளும் பலம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்வோம். அது இல்லையென்றால் இந்த வண்டி அவருக்குப் பொருந்தாது. வேறு வழி பார்க்க வேண்டும். தையல்காரச் சகோதரிக்கு அட்டையே இல்லை. அட்டை எடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்கி, அரசு வண்டி கிடைக்காத நிலை வந்தால் நம் நிதியில் அவருக்கு முறையாக ஒரு வண்டி வாங்கிக் கொடுப்போம்.

அவருடைய வாப்பாவிடம் நம் வீட்டுப் பெண்களும் போய்ப் பேசினார்கள். அந்தச் சகோதரி கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. துணிக்கடைக்குத் தானே போய் நூலும் துணியும் பார்த்து வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை பெண்கள் மதரஸாவுக்கு வர வேண்டும். உம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது மருந்துக்கடைக்குத் தானே போக வேண்டும். இவ்வளவுதான். வாப்பா இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் அட்டைக்கு விண்ணப்பம் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரை நெருக்க வேண்டாம். ஈத்கா திடலில் மகள் ஓட்டுவதை ஒருமுறை அவர் பார்க்கட்டும்.

மலிவாக மூன்று வண்டி என்பதைவிட, முறையாக ஒரு வண்டி, அதுவும் பத்து வருடம் ஓடும் வண்டி என்பதே அமானிதத்துக்குப் பொருத்தம். நீங்கள் நம்மை நம்பிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நம்மிடம் அமானிதம்; அந்த வண்டியில் ஏறி உட்காரும் மனிதரின் உயிரும் அப்படித்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அடையாள அட்டை எடுக்காதவர்கள் இருந்தால் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பயன்படுத்தாத நல்ல நிலையில் உள்ள ஸ்கூட்டர் இருந்தால், ஆர்.சி.யும் இன்ஷூரன்சும் சரியாக இருந்தால், அதையும் தெரிவியுங்கள். பயிற்சிக்கு நேரம் தர முடிந்த இளைஞர்களும், சகோதரிகளுக்குப் பழக்கிக் கொடுக்கக்கூடிய பெண்களும் முன்வாருங்கள்.

யா அல்லாஹ், எங்கள் எண்ணங்களைத் தூய்மையாக்குவாயாக. எங்களில் நடக்க இயலாதவர்களுக்கு வழிகளை எளிதாக்குவாயாக. அவர்களுக்கு முன்னால் நாங்கள் தடையாக நிற்காமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.